மிதவைக்குள் இருந்த மூச்சு

நடுத்திட்டில் யாரிடமாவது போய் உங்கள் பிள்ளை எந்த வருஷம் பிறந்தது என்று கேட்டால் வருஷம் சொல்ல மாட்டார்கள், இஞ்சின் மூச்சுவிட்ட ஆடிக்கு முந்தி என்பார்கள், இல்லையென்றால் பிந்தி என்பார்கள், கேட்டவர் வெளியூர்க்காரராக இருந்து முழித்தால் பாவம் என்று ஒரு டம்ளர் மோர் கொடுப்பார்கள். கொள்ளிடம் கடலுக்குப் போகிற அவசரத்தில் இரண்டு கையாகப் பிரிந்து கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் சேர்ந்துகொள்கிறதே, அந்த இரண்டு கைக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேடுதான் எங்கள் ஊர். நாற்பத்துமூன்று வீடு, வீட்டுக்கு வீடு மல்லிகைக் கொல்லை, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு படகு. பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி, பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை எல்லாம் கரையில்தான் இருந்தது, எது வேண்டுமானாலும் படகில்தான் வரவேண்டும்.

படகு கலியமூர்த்தியுடையது. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மனுஷன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், அதிகம் பேசமாட்டான், பேசினாலும் இஞ்சினோடுதான் பேசுவான். அந்த இஞ்சின் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வயலுக்குத் தண்ணீர் இறைத்த பழைய டூ ஸ்ட்ரோக் இஞ்சின். அதை வாங்கி நீளமாக ஒரு தண்டைப் பொருத்தி நுனியில் விசிறியை மாட்டிப் படகுக்கு வைத்திருந்தான். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தால் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும், புகை எங்கள் எல்லார் துணியிலும் ஏறியிருந்ததால் கரையில் பஸ் ஏறினாலே பக்கத்து சீட்டுக்காரர் நீங்க நடுத்திட்டா என்று கேட்டுவிடுவார்.

கலியமூர்த்திக்கு ஒரு தம்பி இருந்தான், செல்லையன். மூன்று வருஷத்துக்கு முந்தி வந்த வெள்ளத்தில் அண்ணனும் தம்பியும் மட்டும் படகில் வந்துகொண்டிருந்தபோது நடு ஆற்றில் இஞ்சின் நின்றுவிட்டது, படகு கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது, செல்லையன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கரைமரத்தில் கட்டிவிட்டு வருகிறேன் என்று குதித்தான். கயிறு வந்தது, ஆள் வரவில்லை. தண்ணீருக்குள் போனவன் மேலே வரவே இல்லை என்று கலியமூர்த்தி சொன்னான். முகத்துவாரம் வரைக்கும் எட்டு நாள் தேடினோம், ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஒரு உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் கருமாதி செய்வது எங்கள் வழக்கம். பூசாரி கண்ணுப்பிள்ளை மூன்று தடவை புல்லோடு போய் செல்லையன் பெண்டாட்டி வேம்புவின் வாசலில் நின்றார், மூன்று தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஆளு வரட்டும், இல்லாட்டி ஒடம்பு வரட்டும். புல்லுக்கெல்லாம் என் தாலியக் கழட்ட மாட்டேன்."

அவள் பொட்டு வைத்துக்கொண்டாள், பூக் கட்டினாள், பூவை விற்கக் கரைக்குப் போனாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதால் அவன் செத்துவிட்டான் என்று ஆகிவிடும், அவ்வளவுதான் அவள் கணக்கு. எங்களுக்குத்தான் அவளைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாது, நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வோம்.

இப்படி இருக்கையில் அந்த வருஷம் சித்திரையில் இஞ்சின் ஓவர்ஃப்ளோ ஆக ஆரம்பித்தது. இஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடுகிற கார்புரேட்டரின் பக்கத்துக் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டும், பிறகு ஒழுகும், பிறகு இஞ்சின் பெட்ரோலைக் குடித்து மூச்சுத்திணறி நின்றுவிடும். கலியமூர்த்தி செய்யவேண்டியதை எல்லாம் செய்தான். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, அது இல்லாமல் கயிற்றை ஏழெட்டு தடவை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியே துப்பவைத்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினான், ஊசி சிக்கியிருந்தால் விடட்டும் என்று. விடவில்லை. கிண்ணத்தைக் கழற்றி ஊசியின் முனையை நகத்தால் தடவிப் பார்த்தான், தேய்மானம் இல்லை. குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்தான், ஊசி ஒழுங்காகத்தான் அடைத்தது. மீதி இருந்தது மிதவை ஒன்றுதான்.

மிதவை என்றால் கிண்ணத்துக்குள் கிடக்கிற பித்தளைக் குமிழ், எலுமிச்சம்பழ அளவு, இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது, உள்ளே காற்று மட்டும். பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறி ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்துவிட்டால் பெட்ரோல் உள்ளே புகுந்து கனத்துப்போய் முங்கிவிடும், வழியை அடைக்க ஆள் இல்லாமல் எல்லாம் வழிந்து ஓடும். கலியமூர்த்தி மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினான், உள்ளே சளசளவென்றது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் அவனும் செய்தான், படகுத்துறை டீக்கடையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கி மிதவையை அதற்குள் அமுக்கினான். சூட்டில் உள்காற்று பெருத்து ஓட்டை வழியாகக் குமிழி விடும், பத்துக் குமிழி, மிஞ்சினால் இருபது, பிறகு நின்றுவிடும்.

நிற்கவில்லை. குமிழி வந்தது, ஓய்ந்தது, மறுபடி வந்தது, வெந்நீர் ஆறி, பச்சைத் தண்ணீராகி, டீக்கடைக்காரர் கிண்ணத்தைக் கேட்ட பிறகும் வந்தது. ஓய்கிற நேரத்தில் ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் குழிந்து உள்ளே போனது. வெளியே விடுகிறது, உள்ளே இழுக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கலியமூர்த்தி மிதவையைத் தண்ணீரிலிருந்து வெடுக்கென்று எடுத்து வேட்டியில் துடைத்தான், துடைத்த கையை அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் சோற்றில் வைக்கவில்லை.

படகுக்குப் பூக்கூடையோடு வந்திருந்த வேம்பு அதைப் பார்த்தாள். கூடையிலிருந்து வாழைநார் ஒன்றை உருவி, தலைமுடி தடிமனுக்குக் கிழித்து, ஓட்டைக்கு நேரே பிடித்தாள். நார் வெளியே சாய்ந்தது, உள்ளே சாய்ந்தது. வேம்பு ஒரு கேள்வியும் கேட்காமல் மிதவையை அவன் கையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மூணு வருசமா பெட்ரோலக் குடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்காரு," என்றாள், சோறு போடாத வீட்டில் புருஷனை விட்டுவிட்டு வந்தவளைப்போல.

அன்று அவள் பூ விற்கப் போகவில்லை.

எங்கள் ஊர் எதற்கும் ரொம்ப நாள் வியந்துகொண்டிருக்காது, கொல்லையில் வேலை இருக்கிறது. முதல் வாரம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம், இரண்டாவது வாரம் அதற்கென்று ஒழுங்குமுறை வந்துவிட்டது. வேம்பு ஒரு சொம்பில் பஞ்சைப் போட்டு மிதவையை அதன்மேல் வைத்திருந்தாள். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தபோது அது தொடர்ந்து செருமியதால் அந்தப் பக்கத்து ஐந்து வீட்டிலும் தாளிப்பதைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள், பீடி குடிக்கிறவர்கள் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் கரையிலிருந்து வருகிற நர்ஸ் அமிர்தகௌரி ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்குப் பதினாறு, நார்மல் என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டில் எழுதப்போனாள். வயசு என்ன போடட்டும் என்று அவள் கேட்டதும்தான் சண்டை வந்தது. போனபோது முப்பத்தினாலு, அதைத்தான் போடவேண்டும் என்று பாதி ஊர்; மூச்சு விடுகிறவனுக்கு வயசும் ஏறும், முப்பத்தேழு போடு என்று மீதி ஊர். அமிர்தகௌரி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள்.

பிறகு உரிமை கொண்டாடுகிறவர்கள் வந்தார்கள். ஐந்தாவது வீட்டுக்காரி கப்பலுக்குப் போய்க் கடுதாசி போடாத தன் மகனின் குறட்டை இது என்றாள். பக்கிரிசாமி என்ற கிழவர், பதினொரு வருஷத்துக்கு முந்திச் செத்த தன் சம்சாரம் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தால் இப்படித்தான் மூச்சு விடுவாள் என்று சொல்லிவிட்டு, சொம்பருகே உட்கார்ந்து எதற்கோ மன்னிப்புக் கேட்டார். வேம்பு யாரையும் விரட்டவில்லை, காது வைத்துக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஆனால் அந்தி சாய்கிற நேரத்தில் ஆளில்லாத போது தெருவில் போனால், அவள் சின்னக் குரலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பதும், சொல்லச் சொல்ல அந்த மூச்சு கொஞ்சம் வேகமாவதும், பிறகு தூங்குகிறவன் மூச்சுபோல நீண்டு இறங்குவதும் கேட்கும். எனக்கு ஒரு தடவை கேட்டது, அதற்குப் பிறகு நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

கலியமூர்த்தி மட்டும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த இஞ்சினைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது, வேறு மிதவை எங்கும் அகப்படவில்லை. தக்கை மாதிரி மிதக்கிற நெட்டியில் ஒன்றைச் செதுக்கி வார்னிஷ் பூசிப் போட்டுப் பார்த்தான், பெட்ரோல் வார்னிஷைக் கரைத்துக் குடித்துவிட்டு நெட்டியையும் ஊறவைத்தது. சரி என்று மூங்கில் கழியை எடுத்துக்கொண்டான். தண்ணீர் இடுப்பளவு இருந்த மாதங்கள் அவை, கழியூன்றியே ஊரைக் கரைக்கும் வீட்டுக்குமாக இழுத்தான், தோள்பட்டை வீங்கினாலும் மிதவையைக் கொடு என்று கேட்கவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு மரியாதை செய்கிறான் என்று நாங்கள் மெச்சினோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆடிப் பதினைந்துக்கு மேல் மேலணை நிரம்பியது. ஒரு காலை கரையில் ஆட்டோ வந்து நின்று மைக்கில் கத்தியது, லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், மதியத்துக்குள் திட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும், தீயணைப்புப் படகுகள் கீழ்த்திட்டுகளுக்குப் போயிருப்பதால் இருக்கிற படகில் வந்து சேரவும் என்று. எங்களிடம் இருந்தது ஒரு படகும் ஒரு கழியும். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஏறியது, கலியமூர்த்தி ஊன்றிய கழி அடிதொடாமல் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது.  அவன் ஈயக்கம்பியையும் பற்றவைக்கிற இரும்பையும், அதன் நுனியைத் தேய்த்துச் சுத்தம் பண்ணுகிற நவச்சாரக் கட்டியையும் எடுத்துக்கொண்டு வேம்புவின் வீட்டுக்கு நடந்தான். ஊரே மூட்டைமுடிச்சோடு பின்னால் போனது.

வாசல்படியில் நின்று உள்ளே பார்க்காமல் சொன்னான்.

"ஃப்ளோட்டு வேணும்மா. ஓட்டைய அடைக்கணும்."

வேம்பு சொம்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அடச்சா எப்புடி மாமா மூச்சு விடுவாரு?"

  நூற்றுத் தொண்ணூறு பேர் நின்றோம், சின்னப் பிள்ளைகள், மாசமாக இருந்த இரண்டு பெண்கள், கட்டிலோடு தூக்கிவந்த பக்கிரிசாமி, கயிற்றில் கட்டின மாடுகள், எல்லாரும் அவளைப் பார்த்தோம், அப்படிப் பார்ப்பது பாவம் என்று தெரிந்தும் பார்த்தோம். உன் புருஷனை நெரித்து எங்களைக் காப்பாற்று என்று வாயைத் திறந்து கேட்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. தண்ணீர் மல்லிகைக் கொல்லைக்குள் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு விதமா அடைக்கலாம்," என்றான் கலியமூர்த்தி கடைசியில், படியைப் பார்த்துக்கொண்டே. "காத்து வெளிய வர்றப்ப ஈயத்த வச்சா துப்பிரும், நிக்காது. உள்ள இழுக்கிறப்ப வச்சாத்தான் ஈயத்தையும் சேத்து இழுத்துப் புடிச்சிக்கும். அந்த நேரத்துல அடைக்கிறேன். மொத்த மூச்சும் உள்ளயே இருக்கும். கரைக்குப் போனதும் தொறந்துர்றேன்."

வேம்பு சொம்புக்குள் குனிந்தாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது, "இழுக்கிறப்ப," என்றாள்.

அவளுடைய அடுப்பிலேயே இரும்பைக் காயவைத்தான். மிதவைக்குள் இருந்த பெட்ரோல் ஈரத்தை ஏற்கனவே மூன்று மாசத்துப் பஞ்சு குடித்திருந்தது. இரும்பை நவச்சாரத்தில் தேய்த்ததும் வெள்ளைப்புகை வந்தது, இரும்பின் நுனி பளபளத்தது, அதைக் கிட்டே கொண்டுபோனதும் மிதவையின் மூச்சு தடதடவென்று ஓட ஆரம்பித்தது, நாயைக் கண்ட ஆட்டுக்குட்டிக்கு ஓடுவதுபோல. அமிர்தகௌரி அன்றைக்கு வந்து மாட்டிக்கொண்டவள், எண்ண முயன்று விட்டுவிட்டாள். வேம்பு மிதவையைத் துணியில் பிடித்துக்கொண்டு, "நான்தான், நான்தான் புடிச்சிருக்கேன், பயப்படாதீங்க, நல்லா இழுத்துக்குங்க," என்றாள். மூச்சு அடங்கியது. ஒருமுறை வெளியே வந்தது. பிறகு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, அடுப்புச் சாம்பல் கிளம்பி அந்தப் பக்கம் நகர்ந்தது, அவ்வளவு இழுப்பு. கலியமூர்த்தி ஈயத்தைத் தொட்டு வைத்தான். சத்தம் நின்றுவிட்டது. மூன்று மாசமாக ஊரில் ஓயாமல் இருந்த ஒன்று நின்றுபோனதில் எங்களுக்குக் காது வலித்தது.

இஞ்சின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒன்பது நடை போனோம். சுழல் படகைப் பிடித்துத் திருப்பும், இஞ்சின் உறுமிக்கொண்டு நிமிர்த்தும், அணையுமோ அணையுமோ என்று நாங்கள் பார்க்கும்போதெல்லாம் அது அணையாமல் ஓடியது. எந்த நடையிலும் யாரும் பேசவில்லை, பிள்ளைகள்கூட அழவில்லை, கரையில் கால் வைத்த பிறகு ஒவ்வொருவரும் புஸ்ஸென்று விட்டபோதுதான் ஆறு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. கடைசி நடையில் வேம்பு ஒருத்திதான் வந்தாள், இஞ்சினுக்குப் பக்கத்தில், அதன் சூட்டில் முட்டி படும்படி உட்கார்ந்து. அவர்கள் இறங்கின சிறிது நேரத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் சூலம் தவிர ஊரில் எதுவும் தெரியவில்லை.

தங்கவைத்த பள்ளிக்கூடத்தின் மரத்தடியில் கலியமூர்த்தி கார்புரேட்டரைக் கழற்றினான். மிதவையை வேம்பு வாங்கிக் காதில் வைத்தாள், அதற்குள் ஒன்றும் அசையவில்லை. சத்துணவு அடுப்பில் இரும்பு காய்ந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம் தம் கட்டுவாரு மாமா?"

"சின்ன வயசுல இந்தக் கரையில முங்குனா அந்தக் கரையிலதான் எந்திரிப்பான்."

"ரெண்டரை மணி நேரம் ஆச்சு."

அவன் இரும்பை எடுத்தான். மறுபடி அடுப்பில் வைத்துவிட்டான். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. வேம்பு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு அவரு மேல வந்தாரா?"

"வந்தான்," என்றான் கலியமூர்த்தி. கேட்பதற்காகவே காத்திருந்தவன்போல உடனே சொன்னான். "ஒரே ஒரு தடவ வந்தான். வாயத் தொறந்து மூச்ச இழுத்தான். என்னயப் பாத்தான். கைய நீட்டுனா எட்டுற தூரம்தான். நான் பிளக்கத் தொடச்சிக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரு இழுப்பு, இஞ்சின் புடிச்சிரும், புடிச்சதும் தூக்கிரலாம்னு நெனச்சேன். மாட்டிட்டுத் திரும்புனா ஆள் இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா செத்துருவான்னு இருந்துச்சு."

நாங்கள் தரையைப் பார்த்தோம். மூன்று வருஷமாக அவர்கள் இருவரைப் பற்றி எவ்வளவோ பேசியிருந்தோம். இரண்டு பேரும் ஒரே ஆளை ஆளுக்கொரு பக்கமாகச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அது எங்கள் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

வேம்பு மிதவையைத் துணியில் பொதிந்து இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"தொறங்க மாமா," என்றாள். "எவ்ளோ நேரந்தான் அவரும் புடிச்சிக்கிட்டு இருப்பாரு."

இரும்பு பட்டதும் ஈயம் உருகி விலகியது, மூச்சு வெளியே வந்தது. ஒரு முழம் பூக் கட்டுகிற நேரம் வந்தது. வேம்புவின் நெற்றி முடி ஆடியது, மரத்தடிப் புழுதியில் கோடு விழுந்தது, பெட்ரோல் வாசனை துளியும் இல்லை, புதுவெள்ளத்தின் வாசனைதான் அடித்தது. மெல்ல மெல்லக் குறைந்து, நார் அசைகிற அளவாகி, அதுவும் இல்லாமல் போனது. அது உள்ளே இழுக்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். அமிர்தகௌரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், முள் இரண்டு சுற்று வந்ததும் கையை இறக்கி, ஆஸ்பத்திரியில் சொல்கிற குரலில், "அவ்ளோதாம்மா," என்றாள்.

வேம்பு அப்போதுதான் அழுதாள். மூன்று வருஷத்து அழுகை, உட்கார்ந்து, தரையை அறைந்து, அவன் பேரைச் சொல்லி அழுதாள். எங்கள் பெண்கள் ஓடிப்போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள், ஆண்கள் வழக்கப்படி தள்ளிப்போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கலியமூர்த்தி மட்டும் பெண்களோடும் இல்லாமல் ஆண்களோடும் இல்லாமல், சூடு ஆறாத இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். எங்களுக்கு அவனை வா என்று கூப்பிடவும் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை.

வேம்புதான் பெண்களின் கையை விலக்கிவிட்டு வட்டத்தில் தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினாள்.

"வாங்க மாமா," என்றாள். "வந்து நீங்களும் அழுவுங்க. ஒங்க தம்பிதானே."